பட்டமும் பட்ட கடனும்

தேர்வு நெருங்கிவிட்டது. கல்லூரி வளாகத்து வேப்பமரங்கள் பூத்துச் சொரிகின்றன. மூன்றாண்டுக் காலம் தம்மை அழைத்து வந்த மணி இன்னும் சில நாட்களே தமக்காக ஒலிக்கும் என்பதை உணர்ந்துவிட்ட மாணவ மணிகள், படம் எடுத்துக் கொள்கின்றனர், ஏட்டிலே கையொப்பம் வாங்கிக் கொள்கின்றனர், கண் கலங்குகின்றனர், அடுத்த கணமே கலகலவெனச் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பைச் சட்டென நிறுத்திவிடக் கூடிய கேள்வி ஒன்று உண்டு. இரண்டே சொற்கள்தான் — “அடுத்து என்ன?”

அந்தக் கேள்வியை அண்மையில் நாமே கேட்டோம். மேற்கு மாவட்டம் ஒன்றிலே, அரசினர் கலைக் கல்லூரி ஒன்றின் இலக்கிய மன்ற நிறைவு விழா. பேசி முடித்து, தேநீர் அருந்தி, மரத்தடியிலே அமர்ந்தபோது முப்பது பேருக்கு மேல் சூழ்ந்து கொண்டனர். ஒவ்வொருவரையும் கேட்டோம். “போட்டித் தேர்வு, ஐயா!” என்றனர் பாதிப் பேர். “சென்னை” என்றான் ஒருவன். “பெங்களூர்” என்றான் மற்றொருவன். அங்கே சென்று என்ன செய்வது என்பதை இருவரும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை, ஊரைவிட்டுக் கிளம்புவதே திட்டம். தந்தையின் மளிகைக் கடையைக் கவனிக்கப் போவதாக ஒருவன் சொன்னான், ஏதோ குற்றத்தை ஒப்புக் கொள்பவன் போல. பெண்களில் பலர், “வீட்டிலே கேட்டுச் சொல்கிறேன்” என்றனர். “மாமா முடிவு செய்துவிட்டார்” என்றாள் ஒருத்தி. தோழியர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை.

ஒரு பெண் மட்டும் விடை கூறாமல் காத்திருந்து, கூட்டம் கலைந்த பிறகு அருகே வந்தாள். இயற்பியல் மாணவி. தந்தை விசைத்தறிக் கூடத்திலே கூலிக்கு நெய்பவர். கூடத்து உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதைத் தீர்க்கும்வரை அந்தக் கூடத்தைவிட்டு அகல முடியாது. அவருடைய பெண், முதுகலைப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்விலே வென்றிருக்கிறாள்; ஆராய்ச்சிக் கல்விக்கூடம் ஒன்றிலே இடம் கிடைக்கும். அதே மாதத்திலே, கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்த நகைக்கடன் நிறுவனம் ஒன்று மாதம் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை தருவதாகக் கூறியிருக்கிறது. தம்பி பத்தாம் வகுப்பில் படிக்கிறான்.

“எது சரி, ஐயா?” என்று கேட்டாள். எது இலாபம் என்றோ எது புத்திசாலித்தனம் என்றோ அவள் கேட்கவில்லை; ‘சரி’ என்ற சொல்லைத்தான் எடுத்தாள். நாம் அப்போது தந்த விடை, விடையே அல்ல. “யோசித்துச் சொல்கிறோம், அம்மா” என்றோம். யோசித்ததை இங்கே எழுதுகிறோம்.

அந்தக் கேள்வி பிறந்த கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். “நீ என்னவாகப் போகிறாய்?” என்று அந்தப் பெண்ணின் பாட்டனை எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை! அவர் பிறக்குமுன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. தறிக்காரன் மகன் தறிக்கு, குயவன் மகன் சக்கரத்துக்கு, வண்ணான் மகன் ஆற்றங்கரைக்கு, பறையன் மகன் பண்ணைக்கு! தொட்டிலுக்கும் தொழிலுக்கும் இடையே சிந்தனைக்கு இடமே வைக்காத ஏற்பாடு அது. சாத்திரம் அதற்குச் சான்று கூறிற்று. சமுதாயம் அதற்குக் காவல் நின்றது. விடை எழுதியவர்கள் தமக்கென எழுதிக் கொண்ட விடை மட்டும் எப்போதும் ஏட்டோடும் எழுத்தோடும் இணைந்தே இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாட்டன் காலம் என்று சொல்லிப் பெருமூச்சுவிட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். 1953-ல், நாடு விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள் ஆன பிறகு, இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்த சென்னை அரசு, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்று திட்டம் தீட்டிற்று. பள்ளிகள் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, கைத்தொழிலும் கல்விதானே என்று காரணம் கூறினர். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு அதனை எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால், மரத்தடியிலே நம்மிடம் கேள்வி கேட்ட பெண்ணின் தாத்தா, தன் பிள்ளையைப் பள்ளியின் பாதி நேரத்திலிருந்து தறியின் முழு நேரத்துக்கு இன்னும் விரைவாக அழைத்துச் சென்றிருப்பார். வேறு என்ன நடந்திருக்கும்?

ஆகவே, “அடுத்து என்ன?” என்று தயங்கி நிற்பதற்குக்கூட ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் அது 28.4 தான். மதிய உணவும், இட ஒதுக்கீடும், ஊருக்கு ஊர் எழுந்த பள்ளியும், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு 2022 முதல் மாதந்தோறும் தரப்படும் ஆயிரம் ரூபாயும் சேர்ந்து கட்டிய படிக்கட்டு அது. படிக்கட்டின் உச்சிக்கு ஏறிவிட்ட பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் இப்போது எழும் கேள்வி.

ஏறியவர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கம் திரும்புகிறார்கள். 2024 சூனில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு, ஆறாயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு, விண்ணப்பித்தவர் 20 இலட்சத்துக்கு மேல். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அந்தப் பணிகளுக்குப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் வரிசை கட்டி நின்றனர்.

இதைக் கண்டு நகைப்போர் உண்டு. நகரத்து மாடிகளிலே அமர்ந்து, “துணிந்து தொழில் தொடங்கக் கூடாதா! இன்னும் குமாத்தா மோகம் போகவில்லையே!” என்று இதோபதேசம் செய்வோர் உண்டு. அவர்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். பண்ணையார் வீட்டு வாசலிலே கை கட்டி நின்ற ஒருவனுடைய பேரன், கிராம நிர்வாக அலுவலராக அதே ஊருக்கு வந்து நாற்காலியிலே அமர்கிறானே, அந்த நாற்காலியின் விலையை எந்தத் தராசிலே நிறுத்துச் சொல்வீர்கள்? மாதம் பிறந்தால் சம்பளம். எவன் முகத்தையும் பார்த்துப் பல்லிளிக்க வேண்டியதில்லை. எவன் சாதியையும் விசாரித்துப் படி அளக்க மாட்டார்கள். தோற்றாலும் தாங்கிப் பிடிக்கத் தந்தையின் சொத்து இருப்பவனுக்குத் துணிவு எளிது. தோற்றால் தங்கையின் கம்மல் போகும் என்ற நிலையிலே இருப்பவனிடம் துணிவைப் பற்றிப் பேசுவது, நீந்தத் தெரிந்தவன் கரையிலிருந்து கூவுவதைப் போன்றதாகும்.

ஆனால், இதையும் சொல்லியாக வேண்டும். இருபது இலட்சம் பேரில் இடம் பெற்றோர் போக எஞ்சியோர் யார்? எண்கள் அல்லர், இளைஞர்கள். மாவட்டத் தலைநகரங்களின் நூலகத்திலே காலை எட்டு மணிக்கு இடம் பிடித்து, மாலை வரை அமர்ந்து, கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றை மாடிப்படியிலே உண்டு, அடுத்த அறிவிப்புக்காக ஆண்டுகளைக் கழிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒதுக்கீட்டுப் பிரிவுகளைச் சேர்ந்த பட்டதாரிகளுக்குப் பல பணிகளில் வயது வரம்பே இல்லை. நல்ல ஏற்பாடுதான், பின்தங்கி வந்தவனுக்காகக் கதவு திறந்தே இருக்கிறது. திறந்தே இருக்கும் கதவின் முன்னே நிற்பவனுக்கு, திரும்பிப் போகும் நேரம் எது என்பதும் தெரிவதில்லை. இருபத்திரண்டிலே வந்தவன் முப்பத்திரண்டிலும் அங்கேயே இருக்கிறான். குலம் எழுதிய விடையிலிருந்து தப்பி வந்தவனை அச்சம் வேறொரு விடையை எழுதிக் கட்டிப் போட்டுவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அலுவலகமே அறிவுக்குச் சிறை என்று கூறிவிடவும் முடியாது. சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ல் தோன்றியபோது, முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களிலே ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. பட்டம் பெற்றவர் என்ன ஆனார்? அரசாங்கத்தின் கணக்கு அலுவலகத்திலே உத்தியோகம் பார்த்தார்! வரவும் செலவும் கூட்டிக் கழித்த அதே கைகள்தாம், செல்லரித்துச் சிதைந்து கொண்டிருந்த ஓலைகளைத் தேடி எடுத்து, 1887-ல் கலித்தொகையை அச்சேற்றித் தந்தன. உத்தியோகம் அவருக்குச் சோறிட்டது; வாழ்க்கைப் பணி என்னவென்று முடிவு செய்யும் உரிமையை அவர் அதனிடம் ஒப்படைத்துவிடவில்லை.

சான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றி ஏடுகளிலே எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! தனி மனிதன் தன் வாழ்வைத் தானே தேர்ந்து கொள்ள வேண்டும் என்று முழங்கியவர். ‘சுதந்திரம் பற்றி’ எனும் நூல் 1859-ல் வெளிவந்தது. அதற்கு முன்பு, 1823 முதல் 1858 வரை முப்பத்தைந்து ஆண்டுகள், அவர் இலண்டனிலே கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்திலே அமர்ந்திருந்தார்; தந்தை பார்த்து வைத்த வேலை அது. பதினேழாம் வயதிலே தந்தை காட்டிய நாற்காலியில் அமர்ந்தவர்தாம் சுதந்திரத்துக்கு இலக்கணம் எழுதினார். நம் நாட்டின் கழுத்திலே கயிறு கட்டியிருந்த கம்பெனியின் சம்பளத்திலே அது நடந்தது என்பது வேறு வேடிக்கை. அவருக்கு நேர் மாறாக, ஸ்பினோசா கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துப் பிழைத்தவர். 1673-ல் ஐடல்பர்க் பல்கலைக் கழகம் பேராசிரியர் பதவி தருவதாக அழைத்தபோது, சிந்தனைக்கு எல்லை கட்டப்படும் என்று அஞ்சி மறுத்துவிட்டார். ஒருவர் நாற்காலியில் அமர்ந்தார், மற்றவர் நாற்காலியை மறுத்தார். இருவருமே தம் மனத்தை விற்கவில்லை. எந்த வேலை என்பதைவிட, அந்த வேலைக்கு நம்மில் எவ்வளவை எழுதிக் கொடுக்கிறோம் என்பதிலேதான் இருவரிடமும் கற்க வேண்டியது இருக்கிறது.

பெரியோர் கதை கிடக்கட்டும், அந்தப் பெண்ணின் கேள்வியிலே இருக்கும் முள் வேறு. அவளுக்கு விருப்பம் எதிலே என்பது அவளுக்கே தெரியும். தெரியாதது, விரும்புவதற்குத் தனக்கு உரிமை உண்டா என்பது. தந்தையின் முதுகு, தாயின் கண், தம்பியின் படிப்பு — இத்தனையையும் அடகு வைத்துப் பெற்ற பட்டம் தன்னுடையதா, அவர்களுடையதா? கடன்பட்ட ஒருத்தி, கடனைத் தீர்க்குமுன் ஒளியையும் அணுவையும் ஆராயப் போகலாமா?

கடன் இருக்கிறது, மறுப்பாரில்லை. குடும்பத்தின் கடன் மட்டுமன்று, ஊரின் கடனும் சேர்ந்தே இருக்கிறது. அவள் அமர்ந்து படித்த பெஞ்சுக்கு வரி கொடுத்தவர்களிலே, பள்ளி வாசலையே காணாதவர்கள் பலர். ஆனால் இந்தக் கடன் யாரிடம் வசூலிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். 1959-ல் சென்னையிலே தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கழகமும் மக்கள் வரிப்பணத்திலே நடப்பதுதான். அங்கே படித்துக் கடல் கடந்து செல்லும் சீமான் வீட்டுப் பிள்ளையை, “சமுதாயத்துக்கு என்ன செய்யப் போகிறாய்?” என்று வழி மறித்துக் கேட்பார் உண்டா? அவன் மேதை, பறக்கிறான். மாலை சூட்டி விமான நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறோம். நெசவாளி மகள் கொஞ்சம் தலை நிமிர்ந்தால் உடனே கணக்கேட்டை விரிக்கிறோம் — வீட்டுக்கு என்ன செய்தாய், ஊருக்கு என்ன செய்தாய், இனத்துக்கு என்ன செய்தாய்? நன்றியுணர்வு நல்ல பண்புதான். ஏழையிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும்போது அது பண்பாக இருப்பதில்லை, வட்டியாகிவிடுகிறது.

இந்தக் குற்றத்திலே நமக்கும் பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, சட்டம் படித்து முடித்த இளைஞன் ஒருவன் நம்மை நாடி வந்தான். குடும்பத்திலே முதற் பட்டதாரி. சென்னையிலே மூத்த வழக்கறிஞர் ஒருவர் சேர்த்துக் கொள்ள இசைந்திருந்தார். “போகாதே! உன் வட்டத்துக்குத் திரும்பு. உன் மக்களுக்கு நீதிமன்றத்தின் மொழியைப் பேசத் தெரிந்தவன் நீ ஒருவனே” என்று உணர்ச்சி பொங்க எடுத்துரைத்தோம். திரும்பினான். மூன்றாண்டுகள் பாடுபட்டான், ஏழைகளின் வழக்கு, ஏழைகள் தரும் கட்டணம். தாயின் மருத்துவச் செலவுக்குக் கடன் கேட்டு ஒருநாள் வந்தவன், பேச்சோடு பேச்சாக, கசப்பே இல்லாமல் கேட்டான்: “தங்கள் மகனும் சட்டம்தானே படித்தார், ஐயா? அவர் இப்போது எந்த வட்டத்திலே இருக்கிறார்?” நம் வீட்டுப் பிள்ளை அப்போது டில்லியிலே இருந்தான். அவனிடம் அந்த உரையை நாம் ஆற்றியதே இல்லை. ஆற்ற வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலே ஒரு பகுதி இங்கே நினைவுக்கு வருகிறது. 1913-ல் பரோடா மன்னரின் உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்றார். படித்துத் திரும்பியதும் பத்தாண்டுகள் பரோடா அரசிலே பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மதித்து 1917-ல் பரோடா சென்றார். கொலம்பியாவிலே கற்ற அறிஞருக்கு, அந்த நகரிலே தலை சாய்க்க ஓர் அறை தர ஆளில்லை! பாரசீகர் விடுதியிலே பெயரை மறைத்துத் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றிற்று. வேலையை விட்டு அகன்றார். பத்தாண்டு ஒப்பந்தம் நிறைவேறவில்லை. கணக்கேட்டின்படி அவர் கடன் தீர்க்காதவர்! பம்பாயிலே பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, 1920-ல் இலண்டனுக்கு மீண்டும் படிக்கப் புறப்பட்டார். அப்போது எவரேனும் வழி மறித்து, “படித்தது போதும், உன் மக்கள் சேரியிலே கிடக்கிறார்கள், இங்கேயே இரு” என்று கூறியிருந்தால்? அந்த அறிவுரையிலே அன்பு இருந்திருக்கும், நியாயமும் இருந்திருக்கும். நாம் அறிந்த அம்பேத்கர் இருந்திருப்பாரா என்பது ஐயம். 1946-ல் பம்பாயிலே எழுந்த சித்தார்த்தா கல்லூரியிலே அமர்ந்து படித்தவர்கள், எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத வட்டி.

முத்துலட்சுமி அம்மையாரையும் எண்ணிப் பார்க்கிறோம். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது 1954-ல். இடையிலே நாற்பத்திரண்டு ஆண்டுகள்! பட்டம் பெற்ற மறுநாளே கணக்குக் கேட்டிருந்தால் அவர் எதைக் காட்டியிருக்க முடியும்?

கடன் கொடுத்தவர்களுக்குத் தவணையை நிர்ணயிக்கும் உரிமை இல்லை என்றே நாம் கருதத் தொடங்கியிருக்கிறோம். பெற்றவருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை, மேடையிலே முழங்கும் நமக்கும் இல்லை. இதனால் தீங்கே விளையாது என்று சொல்லவில்லை. கடனை மறந்து, ஏறிய ஏணியை எட்டி உதைப்போரும் தோன்றத்தான் செய்வார்கள். தாசில்தார் அலுவலகத்திலே, தன் தந்தையைப் போன்றே அழுக்கு வேட்டியோடு வந்து நிற்கும் கிழவரை உட்காரச் சொல்லாத முதல் தலைமுறை அதிகாரியை நாம் கண்டதுண்டு. நெஞ்சு கொதித்ததும் உண்டு. அவருக்கு எதிராக எழுதுவோம். ஆனால் அவர் ஒருவருக்காக, இருபது வயதுப் பெண்ணொருத்தியின் கையிலே விலங்கை முன்கூட்டியே மாட்டிவிட முடியுமா?

வறுமையின் கணக்கு வேறு, அதையும் மறைக்க விரும்பவில்லை. 18,000 ரூபாய் எளிய தொகையன்று. முன்பணம் தீர்ந்தால் தந்தை ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்காவது மாறலாம். முதுகலை முடிய இரண்டாண்டு, ஆராய்ச்சி முடியப் பின்னும் ஐந்தாறு ஆண்டுகள். உதவித் தொகை உண்டு என்றாலும், அது தறிக்கூடத்துக் கடனுக்குப் போதாது. அவள் வேலையை ஏற்றுக் கொண்டால், கோழை என்றோ கொள்கை அற்றவள் என்றோ சொல்ல நமக்கு நாக்கு எழாது. ஏற்பதும் மறுப்பதும் அவளே எண்ணிப் பார்த்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். அன்பின் பெயரால் அச்சுறுத்தப்பட்டு எடுத்ததாக இருக்கக் கூடாது. அவ்வளவே நாம் வேண்டுவது.

இவ்வளவையும் எழுதிக் கொண்டிருந்தபோது அவளே தொலைபேசியிலே அழைத்தாள். நம் விடைக்காகக் காத்திராமல், தந்தையைக் கேட்கத் தறிக்கூடத்துக்கே சென்றிருக்கிறாள். தறிகளின் இரைச்சலிலே அவருக்குச் செவியில் விழவில்லை. இருமுறை கத்தியிருக்கிறாள். பிறகு அவர் தறியை நிறுத்தியிருக்கிறார் — நெய்த மீட்டருக்குத்தான் கூலி, நின்ற தறிக்குக் கூலி கிடையாது. அந்த ஆராய்ச்சிக் கூடத்திலே என்னதான் செய்வார்கள் என்று கேட்டாராம். ஒளியைப் பற்றிச் சொன்னாளாம். பாதிதான் புரிந்திருக்கும் என்கிறாள். நகைக்கடன் நிறுவனத்தைப் பற்றியும் சொல்லி, முன்பணத்தைப் பற்றியும் தானே பேச்சை எடுத்திருக்கிறாள்.

“முன்பணம் என் பேரிலே வாங்கினது, அம்மா. உன் பேரிலே இல்லை” என்று கூறிவிட்டு, தறியை மீண்டும் ஓட்டத் தொடங்கினாராம்.

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு இடத்துக்கும் கடைசி நாள் வருவதற்கு ஒன்பது நாட்கள் இருக்கின்றனவாம்.